இத்தாலியில் ஹோட்டலில் தங்க என்னென்ன இத்தாலியச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்?

சொற்களுக்கு முன்னால் ஒரு எழுத்து: குழாயின் மேல் இருக்கும் 'சி'. ஃப்ளோரன்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய விடுதி. 'சி' என்றால் கோல்ட்தானே என்று திருகி, முகம் கழுவக் கையை நீட்டினேன். சுரீரென்று சுட்டுவிட்டது. அங்கே 'சி' என்றால் கால்தோ, சுடுதண்ணீர். பச்சைத்தண்ணீருக்கு 'எஃப்', ஃப்ரெத்தோ.

வரவேற்பில் பெரும்பாலும் ஆங்கிலம் செல்லும். ஆனால் உள்ளே நுழைந்ததும் 'புவோன்ஜோர்னோ', பொழுது சாய்ந்திருந்தால் 'புவோனசேரா' சொல்லிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். வணக்கம்கூடச் சொல்லாமல் சாவி கேட்பவரை அங்கே யாருக்கும் பிடிக்காது. 'சாவோ' பழகியவர்களுக்கு மட்டும்.

அப்புறம் 'ஓ ஊனா பிரெனோத்தாட்சியோனே', அதாவது முன்பதிவு செய்திருக்கிறேன். பாஸ்போர்ட் கேட்பார்கள், பயப்பட வேண்டாம். தங்குபவர் விவரத்தைப் போலீசுக்குத் தெரிவிப்பது அங்கே சட்டம்.

'காமெரா' என்றால் அறை, படம் எடுப்பது அல்ல. 'காமெரா மத்ரிமோனியாலே' என்றால் ஒரே பெரிய கட்டில். நண்பரோடு போகிறவர்கள் 'தோப்பியா' கேளுங்கள், பெரும்பாலும் இரண்டு தனிக்கட்டில் கிடைக்கும். நம் ஊர் கல்யாண விளம்பரம் நினைவிருந்தால் இந்த வித்தியாசம் மறக்காது.

ஒன்றே ஒன்றுதான் மனப்பாடம் செய்ய முடியும் என்றால் 'நோன் ஃபுன்ட்சியோனா' போதும். வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஏசி, லிஃப்ட், டிவி, எதுவானாலும் விரலால் காட்டி இதைச் சொன்னால் ஆள் வந்துவிடுவார்.

அறையைக் காலி செய்த பிறகும் ரயிலுக்கு நேரம் இருந்தால்: 'போஸ்ஸோ லாஷாரே குயி லே வலீஜே?' பெட்டிகளை இங்கே வைத்துவிட்டுப் போகலாமா?

பில்லில் 'தாஸ்ஸா தி சொஜ்ஜோர்னோ' என்று ஒரு வரி இருந்தால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அது நகராட்சி வரி, ஆளுக்கு ஓர் இரவுக்கு இத்தனை யூரோ என்று கணக்கு. ஆன்லைனில் கட்டிய வாடகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. சின்னக் குழந்தைகளுக்கு விலக்கு உண்டு, வயது வரம்பு ஊருக்கு ஊர் மாறும். அதனால் பிள்ளையின் வயதைக் கேட்பார்கள். எட்டு வயது என்றால் 'ஒத்தோ ஆன்னி'. 'ன்' அழுத்தமாக விழ வேண்டும். பனிக்கும் பன்னிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்த நமக்கு இது சுலபம்தான். அவசரத்தில் 'ஆனி' என்றுவிட்டால், மகளுக்கு எட்டு ஆசனவாய் என்று சொன்னதாக ஆகிவிடும்.