மேய்ச்சல் வெளியில் குதிரைகளுக்கு உலர்புல் போட நாமே என்ன செய்துகொள்ளலாம்?

தரையில் போடும் உலர்புல்லில் பெரும்பகுதி மிதிபட்டு வீணாகிறது, கடையில் தீனித்தொட்டி வாங்காமல் மூன்று குதிரைகளுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வலை, டயர், மரப்பெட்டி ஆகிய மூன்றையும் செய்துபார்த்து, அவற்றுள் ஒன்றை வெறுக்கவும் கற்றுக்கொண்ட அனுபவத்தில் எழுதுகிறேன்.

உங்கள் நிலம் ஈரமில்லாமல், புல் மூடியிருக்குமானால், முதலில் எதையும் செய்யாமல் ஒரு வாரம் பாருங்கள். ஒரே குவியலாகக் கொட்டாமல் நான்கைந்து சிறு குவியல்களாகப் பிரித்து, நாள்தோறும் இடத்தை மாற்றிப் போட்டாலே வீணாவது குறைந்துவிடும். குவியல்கள் குதிரைகளின் எண்ணிக்கையைவிட ஒன்றாவது கூடுதலாகவும், பின்னங்கால் உதைக்கு எட்டாத தொலைவிலும் இருக்க வேண்டும். அதிகாரம் செய்யும் குதிரை விரட்டும்போது, அடங்கிப்போகிற குதிரைக்குப் போய் நிற்க ஓரிடம் வேண்டுமல்லவா? மணல் நிலத்தில் மட்டும் இது கூடாது. புல்லோடு சேர்ந்து உள்ளே போகும் மணல் பெருங்குடலில் தங்கிக் கடும் வயிற்றுவலியை உண்டாக்கும்.

தரை சேறாகவோ மணலாகவோ இருந்தால் என் தேர்வு மரப்பெட்டிதான். ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் சதுரமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு, மழைநீர் வடியும்படி அடிப்பலகைகளுக்கிடையே இடைவெளி விட்டு, ஆணி முனை எதுவும் வெளியே நீட்டாமல் செய்துகொண்டால் போதும். குதிரை தலையைத் தாழ்த்தித் தின்னும் என்பதே இதன் பெரிய நன்மை. அந்த நிலையில்தான் மூச்சுக்குழாயில் சேரும் தூசியும் சளியும் எளிதில் வெளியேறும். பழைய பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) பலகைகளைப் பயன்படுத்துவதானால் அவற்றின் முத்திரையைப் பாருங்கள்: ‘HT’ என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘MB’ என்றிருந்தால் நச்சுவாயு செலுத்தியது, பின்னதைத் தொட வேண்டாம். குதிரை பலகையைக் கடிக்காமல் விடாது.

பெட்டிக்குள் புல்லின் மேல் நான்கு சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையை விரித்துச் சட்டத்தோடு இறுக்கிவிட்டால், குதிரை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இழுத்துத் தின்ன முடியும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ வரை தேவைப்படும் தீனியை அது சில மணி நேரத்தில் முடித்துவிடக் கூடாது. அதன் இரைப்பையில் அமிலம் இடைவிடாமல் சுரப்பதால், நெடுநேரம் வெறும் வயிற்றோடு நின்றால் புண் வரும். ஆனால் லாடம் அடித்த குதிரை இருக்கும் வெளியில் வலையே வேண்டாம்; காலால் பறண்டும் பழக்கம் இருந்தால் லாடத்தின் நுனி வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வேலிக்கம்பத்தில் மார்பு உயரத்தில் ஒரு வலைப்பையைத் தொங்கவிட்டிருந்தேன். புல் தீரத்தீரப் பை தொய்ந்து முழங்கால் அளவுக்கு இறங்கிவிட, லாடம் அடித்த பெண் குதிரை ஒன்று முன்னங்காலை அதற்குள் விட்டுக்கொண்டது. கட்டியிருந்தது மக்கிய சணல் கயிறு என்பதால் ஒரே இழுப்பில் அறுந்தது; நைலான் கயிறாக இருந்திருந்தால் கால் போயிருக்கும். உயர்த்திக் கட்டினால் தூசி கண்ணிலும் மூக்கிலும் கொட்டுகிறது, தாழ்த்திக் கட்டினால் கால் மாட்டுகிறது. ஆகவே தொங்கும் வலையை வெளியில் நான் இப்போது பயன்படுத்துவதே இல்லை.

டிராக்டர் டயர் மலிவானது, கவிழாது. இருப்பினும் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வெளிப்பட்டிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்து, நீர் தேங்காதபடி துளைகள் போட வேண்டும். தேங்கிய நீரில் ஊறிய புல் விரைவில் பூஞ்சை பிடித்துவிடும். மாடுகளுக்கான இரும்பு வளையத் தொட்டியை இரவல் வாங்கி வைக்க நினைக்காதீர்கள். மிரண்டால் குதிரை தலையைச் சட்டென்று மேலே தூக்கும். கம்பிகளுக்கிடையே அது சிக்கிக்கொள்ளும்.

உலர்புல்லை உருளையாகச் சுருட்டிய பெரிய வட்டக் கட்டாக வாங்குபவராயின் ஏதேனும் ஒரு தடுப்பு கட்டாயம் தேவை. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வொன்றில், தொட்டியின்றித் தரையில் வைத்த வட்டக் கட்டில் 57 சதவீதம் வீணானது. எந்தக் கட்டானாலும் அதைச் சுற்றியுள்ள கயிற்றையும் வலையுறையையும் முழுவதும் எடுத்து, எண்ணிப் பார்த்தபின் புல்லைப் போடுங்கள். விழுங்கிய கயிறு குடலை அடைத்துவிடும்.