கடலூர் மனையும் சேர்வராயன் மழையும்

கேள்வி: என் மகனுக்குக் கடலூரில் வேலை. தென்பெண்ணை ஆறு கடலில் கலக்கும் பகுதிக்கு அருகே மனை ஒன்று விலைக்கு வருகிறது. சேலத்திலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்குக் கடலோரம் புதிது. புயல் காலத்தில் மட்டும் எச்சரிக்கையாக இருந்தால் போதாதா?
– வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: போதாது, அம்மா. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப்பேரலையையும், 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்து பண்ருட்டிப் பக்கத்துப் பலா, முந்திரித் தோப்புகளைச் சாய்த்த தானே புயலையும் கடலூர் மக்கள் மறக்கவில்லை. ஆயினும் நீங்கள் சொல்லும் மனையைப் பொறுத்தவரை, கடலைவிட ஆற்றை எண்ணித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னும் மெல்ல உள்ளே நகர்ந்து, கடலுக்கு வெகு தொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏற்காட்டிலும் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு திருமணிமுத்தாறாகச் சேலத்தைக் கடந்து காவிரிக்குப் போகிறது. இன்னொரு பங்கு வாணியாறாக அரூர்ப் பக்கம் இறங்கி, முடிவில் தென்பெண்ணையோடு சேர்ந்து கடலூருக்குத்தான் போகிறது. அந்த முறை தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து பெருமளவில் நீர் திறந்துவிடப்பட்டபோது, புயல் கரையைக் கடந்து ஓய்ந்திருந்த நிலையிலும், கடலூரின் ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரப்பதத்தைத் தாங்கும் என்பதால், இத்தகைய பெருமழைகள் இன்னும் கடுமையாகும் என்றே கொள்ள வேண்டும். கடல்மட்டமும் உயர்ந்து வருகிறது. கடல் பொங்கியிருக்கும் நேரத்தில் ஆற்று நீர் வடிய வழியின்றித் தேங்கும்.

ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் பழைய வீடு ஒன்றின் சுவரைப் பாருங்கள். வெள்ளையடித்த பிறகும் முழங்கால் உயரத்திலோ இடுப்பளவிலோ பழுப்புக் கோடு தெரிந்தால், வெள்ளம் அதுவரை நின்றிருக்கிறது என்று பொருள். வீட்டின் தரைமட்டம் அதற்கு மேல் அமைய வேண்டும். பட்டா, வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், புல வரைபடத்தில் வாய்க்கால் ஏதேனும் ஓடுகிறதா என்பதையும், கடலோரத்தில் கட்டடம் கட்டுவதை வரையறுக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடு உண்டா என்பதையும் கேட்டறியுங்கள். பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். உப்புக் கரித்தால் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கக்கூடும். இவற்றில் வெள்ளக் கோடும் வாய்க்காலும் ஒருசேர இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த மனை வேண்டாம்.

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டத்துக்குக் கீழே எங்கள் வீடு இருக்கிறது. ஃபெஞ்சல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஏற்காடு.

பதில்: வீட்டுக்கு மேலுள்ள சரிவில் புதிய வெடிப்பு, சாயத் தொடங்கிய மரம், தெளிவாக வந்த ஊற்று திடீரெனக் கலங்கி வருவது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும், மழை நிற்கும் வரை காத்திராமல் அன்றே குடும்பத்தோடு வேறிடம் செல்லுங்கள். இப்போது செய்ய வேண்டியது, வடிகாலில் சேர்ந்த மண்ணையும் சருகையும் ஐப்பசிக்கு முன்பே அள்ளிவிடுவது.