பில்லி ஜீனும் அந்த அரை நிமிடமும்

வணக்கம் சார்,

மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தை இப்போதுதான் முதல் தடவையாக முழுசாகக் கேட்டேன். எனக்கு 22 வயது. மொத்தமே ஒன்பது பாட்டு, 42 நிமிடம். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உலகத்திலேயே அதிகம் விற்ற ஆல்பம் என்று இன்னமும் கொண்டாட என்ன இருக்கிறது? உங்கள் தலைமுறை ஆட்டத்தைப் பார்த்து மயங்கிவிட்டதோ?

ம.

அன்புள்ள ம.,

மயங்கினோம், மறுக்கவில்லை. ஆனால் 1983-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் பின்னோக்கி வழுக்கிப் போனதை நான் பார்த்ததே பல வருஷம் கழித்துத்தான். எனக்கு முதலில் வந்து சேர்ந்தது சத்தம்.

அந்த 42 நிமிடம் வெட்டிச் சுருக்கி வந்தது. 1982-இல் வேலையெல்லாம் முடிந்து, தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ், ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன், ஜாக்சன் எல்லோரும் உட்கார்ந்து இசைத்தட்டில் போட்டுக் கேட்டால், சப்பென்று இருந்திருக்கிறது. குறை பாட்டில் இல்லை, தட்டில். ஒரு பக்கத்தில் நிமிடங்கள் கூடக் கூட ஊசி ஓடும் கோடுகளை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் சத்தம் குறையும், முதல் அடி பாஸ் என்கிற அடித்தள ஒலிக்குத்தான் விழும். ஆட வைக்க வேண்டிய தட்டில் பாஸ் போய்விட்டால் அப்புறம் என்ன மிச்சம்? ஜாக்சன் அழுதேவிட்டாராம். பிறகு ஒவ்வொரு பாட்டாக எடுத்து நறுக்கி, திரும்ப மிக்ஸ் செய்தார்கள், அதாவது தனித்தனியாகப் பதிந்த குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்து ஒன்றாகக் கலந்தார்கள். ‘தி லேடி இன் மை லைஃப்’ பாட்டில் ஒரு சரணமே போயிற்று.

இவ்வளவு நெருக்கடியிலும் இதே ஆல்பத்தின் ‘பில்லி ஜீன்’ பாட்டில் முன்னிசை கிட்டத்தட்ட அரை நிமிடம் நிற்கிறது. ரொம்ப நீளம், சுருக்கு என்று ஜோன்ஸ் சொன்னார். அதுதான் என்னை ஆட வைக்கிறது என்று ஜாக்சன் விடவில்லை. போன் ஸ்பீக்கரை விட்டுவிட்டு நல்ல ஹெட்போனில் கேளுங்கள்: முதலில் வெறும் டிரம்ஸ், அது நன்றாக ஊன்றிக்கொண்ட பிறகு லூயிஸ் ஜான்சனின் பாஸ் கிட்டார் உள்ளே வரும், அதற்கும் பிறகுதான் சின்தசைசர், குரலுக்கு அவசரமே இல்லை. இந்த ஒரு பாட்டை மட்டும் ஸ்வீடியன் 91 முறை மிக்ஸ் செய்தார். கடைசியில் தட்டில் ஏறியது இரண்டாவது மிக்ஸ்!

எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். பால் மெக்கார்ட்னியோடு பாடிய ‘தி கேர்ள் இஸ் மைன்’ வந்தால் இன்றும் தள்ளிவிட்டுப் போய்விடுவேன்.

சரி, சொந்தக் கதை ஒன்று. நான் இதைக் கேட்டது, கேசட் கடையில் காலி டேப் கொடுத்துப் பதிவு செய்து வாங்கித்தான். என் டேப்பில் ‘பில்லி ஜீன்’ நேராகக் குரலில் தொடங்கும். முன்னிசை என்று ஒன்று இருப்பதே வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். “பாட்டு வர்றதுக்கு முன்னாடி வெறும் டொக்கு டொக்குன்னு எதுக்கு தம்பி, டேப்புதான் வேஸ்டு” என்றார்.