பீவர்கில் ஆற்றில் ட்ரௌட் மீன் மேலே வந்து ஃபிளையைப் பார்த்துவிட்டுக் கடிக்காமல் திரும்புவது ஏன்? எந்த ஃபிளை வாங்கலாம்?

நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலையில், பீவர்கில், வில்லோவீமாக் ஆறுகளில் மே மாத டிரை ஃபிளை (பூச்சி போல இறகால் கட்டி, நீர்மேல் மிதக்க விடும் தூண்டில் கொக்கி) பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். மீன் மேலே வருகிறது என்றால் ஃபிளையின் அளவும் நிறமும் ஏறக்குறைய சரி. பெரும்பாலும் கோளாறு அது மிதக்கும் விதத்தில்தான்.

உங்களுக்கும் மீனுக்கும் இடையே ஓடும் நீர் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவே ஓடும் வேகமான நீர் தடித்த லைனை (தூண்டில் கயிற்றை) இழுக்கும், லைன் தன் நுனியில் கட்டிய மெல்லிய லீடரை இழுக்கும், கடைசியில் ஃபிளை நீரைக் கீறிக்கொண்டு நகரும். நிஜமான மேஃபிளைப் பூச்சி அப்படிப் போகாது, நீர் போன போக்கில் போகும். கண்ணுக்குத் தெரியாத சிறு இழுப்பைக்கூட பிரவுன் ட்ரௌட் கண்டுகொள்ளும். 1883இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா வந்த இந்த மீன், அங்கே ஏற்கெனவே இருந்த புரூக் ட்ரௌட்டைவிட எச்சரிக்கையானது.

செய்ய வேண்டியது இதுதான். மீனுக்கு நேர் எதிரே நிற்காமல், சற்றுக் கீழ்ப்பக்கமாக நின்று, மேல்நோக்கிச் சாய்வாக வீசுங்கள். ஃபிளை மீனுக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் மேலே விழட்டும். லைன் காற்றில் விரியும்போதே ராடின் (தூண்டில் கம்பின்) நுனியை நீர் வரும் திசைக்குச் சாய்த்துவிட்டால், லைன் மேல்பக்கமாக விழும், இழுப்பு தொடங்கச் சில விநாடிகள் தாமதமாகும். விழுந்த பிறகு லைனைத் தூக்கி மேல்பக்கம் போடுவதும் உண்டு. ஆனால் உடனே செய்யாவிட்டால் ஃபிளையே குதித்துவிடும்.

அடுத்து டிப்பெட், அதாவது லீடர் நுனியில் கட்டும் மெல்லிய நைலான். ஒன்பதடி லீடர் முனையில் அறுபது முதல் தொண்ணூறு சென்டிமீட்டர் கட்டுங்கள். அது நீரில் தளர்வாக, வளைந்து நெளிந்து கிடந்தால் இழுப்பு ஃபிளைக்கு எட்டத் தாமதமாகும். கொக்கி எண்ணை மூன்றால் வகுத்தால் டிப்பெட் எண் (எண் கூடக் கூட நைலான் மெலிது) ஏறக்குறையக் கிடைக்கும்: 14ஆம் எண் கொக்கிக்கு 5எக்ஸ், 18க்கு 6எக்ஸ். தடிமன் கூடினால் ஃபிளை விறைத்து நிற்கும், மிக மெலிந்தால் வீசும்போதே முறுக்கிக்கொள்ளும். முடிச்சை எச்சிலால் நனைத்த பிறகே இறுக்குங்கள். உலர்ந்த முடிச்சு சூடேறிப் பலம் இழக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தும் மீன் எடுக்கவில்லையா? அது மேலே வரும் இடத்தை உற்றுப் பாருங்கள். நீரில் குமிழி மிஞ்சினால் மேற்பரப்பில் மிதக்கும் பூச்சியைத் தின்கிறது. குமிழி இல்லாமல் முதுகும் வாலும் மட்டும் தெரிந்தால், மேற்பரப்புக்கு அடியில் தோல் உரிக்கும் பூச்சியைத் தின்கிறது. அப்போது உங்கள் ஃபிளையின் அடிப்பக்க இறகைக் கத்தரித்துவிட்டால் உடல் நீரில் அமிழும். மலிவான வைத்தியம், பல நேரம் பலிக்கும்.

கேட்ஸ்கில் பாணி ஃபிளைகளே இந்த வேகமான ஆறுகளுக்காகப் பிறந்தவை. இங்கே ஃபிளை கட்டிய தியோடர் கோர்டன் 1890இல் இங்கிலாந்தின் டிரை ஃபிளை வல்லுநர் ஹால்ஃபோர்டிடமிருந்து மாதிரி ஃபிளைகளைப் பெற்று, அவற்றை இங்குள்ள பூச்சிகளுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மாற்றினார். அவருடைய குவில் கோர்டன் என்ற ஃபிளையில் உடல் மெலிது, சேவலின் கழுத்திறகு விறைப்பு, அதனால் உயரமாக மிதக்கும். அந்த ஃபிளை போலிருக்கும் நிஜப் பூச்சி ஏப்ரலில், நீர் 10 டிகிரி செல்சியஸைத் தொடும்போது வெளிவரும். ஹென்ட்ரிக்சன் என்ற பூச்சி ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரங்கள் வரை, பெரும்பாலும் பிற்பகலில். மே நடுவில் மார்ச் பிரவுன், மாதக் கடைசியில் கிரீன் டிரேக்.

வெப்பமானி ஒன்று கையில் இருக்கட்டும். நீர் 20 டிகிரியைத் தாண்டினால், பிடித்த மீனைத் திரும்ப நீரில் விட்டாலும் அது பிழைப்பது கடினம். அந்த நாட்களில் கேனன்ஸ்வில் அணைக்குக் கீழே டெலவேரின் மேற்குக் கிளைக்குப் போகலாம், அணையின் அடியிலிருந்து வரும் நீர் கோடையிலும் குளிர்ச்சியாக இருக்கும். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மாநில மீன்பிடி உரிமம் கட்டாயம். பீவர்கில், வில்லோவீமாக் இரண்டிலும் பிடித்த மீனை விட்டுவிட வேண்டிய பகுதிகள் உண்டு, கரையிலுள்ள பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.