ஆங்கிலம் கேளுங்கள்: ஆணியில் ‘டஃப்’ வேறு, ‘ஹார்ட்’ வேறு

வேளச்சேரி வாசகி: வேலை மாறிப் போகும் எங்கள் டீம் லீடருக்கான வாழ்த்து அட்டையில் ‘ஷி இஸ் ஆஸ் ஹார்ட் ஆஸ் நெயில்ஸ்’ என்று எழுதினேன். கூட வேலை பார்ப்பவர்கள் அடித்துவிடச் சொன்னார்கள். என்ன தவறு?

பதில்: அடித்ததே நல்லது. இந்தத் தொடர் உடல் உறுதியையும் குறிக்கும். ஆனால் ஒரு மேலதிகாரியைப் பற்றிச் சொன்னால் கல்நெஞ்சுக்காரி என்றுதான் முதலில் காதில் விழும். எத்தனை அடி விழுந்தாலும் அசராதவர் என்று பாராட்ட ‘டஃப் ஆஸ் நெயில்ஸ்’ என்று எழுதுங்கள். ‘டஃப் குக்கி’யும் பாராட்டுதான், ஆனால் பேச்சுவழக்கு. அட்டையில் எழுதலாம், அப்ரைசல் படிவத்தில் வேண்டாம். அங்கே ‘ரெசிலியன்ட்’ போதும். ‘ஹார்ட் அப்’ என்றால் கையில் காசில்லை என்று பொருள். அதையும் உறுதி என்று நினைத்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரம்பூர் வாசகர்: மயக்க மருந்து இல்லாத காலத்தில் அறுவை சிகிச்சையின்போது சிப்பாய்கள் துப்பாக்கிக் குண்டைக் கடித்துக்கொண்டார்களாம், ‘பைட் தி புல்லட்’ அப்படித்தான் வந்ததாம். உண்மையா? எங்கே பயன்படுத்துவது?

பதில்: பலரும் சொல்லும் கதை, சான்றுதான் குறைவு. ஃபிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைச் சொல் அகராதியின் 1796 பதிப்பு வேறொரு காட்சியைத் தருகிறது. சவுக்கடி தாங்காமல் கத்திவிடும் சிப்பாய்க்கு அதில் ‘நைட்டிங்கேல்’ என்று பெயர். சில படைப்பிரிவுகளில் கத்தாமல் இருப்பது மானப் பிரச்சினை, அதற்காகக் குண்டை மெல்லுவார்கள் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் பல்லால் கடித்துத் திறக்கச் சொன்ன தோட்டா உறையோடு இதை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு. அந்தக் கிளர்ச்சிக்கு 61 ஆண்டுகள் முன்பே குண்டை மென்றாகிவிட்டது.

தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கசப்பான காரியத்தை, இனி வேறு வழியில்லை என்று நாமே முடிவெடுத்துச் செய்யும்போதுதான் இது பொருந்தும். போர்வெல் வற்றிப்போய், கோடைக்குக் கோடை லாரித் தண்ணீரில் காலம் தள்ளிய அப்பார்ட்மென்ட் சங்கம், கடைசியில் வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துப் புது போர் போடுகிறது என்று வையுங்கள்: ‘வீ ஃபைனலி பிட் தி புல்லட் அண்ட் ட்ரில்டு எ நியூ போர்வெல்’. இறந்தகாலம் ‘பிட்’, ‘புல்லட்’ எப்போதும் ஒருமை. என்ன செய்தீர்கள் என்பதை ‘அண்ட்’ போட்டுத் தொடர்வது வழக்கம். கிண்டி டிராஃபிக்கில் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டதற்கு இதைச் சொல்ல முடியாது, அதில் நம் முடிவு எதுவும் இல்லை. ‘பைட் தி டஸ்ட்’டோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள்; அது நாம் சொல்லும் மண்ணைக் கவ்வுவதேதான்.

குரோம்பேட்டை வாசகர்: ‘டேக் தி புல் பை தி ஹார்ன்ஸ்’ என்பதும் ‘பைட் தி புல்லட்’டும் ஒன்றா? ஜல்லிக்கட்டு நினைவுக்கு வருகிறதே?

பதில்: ஜல்லிக்கட்டில் திமிலைத்தான் அணைய வேண்டும், கொம்பைப் பிடிப்பது விதிமீறல். அதனால் அந்தப் படத்தை வைத்துப் பொருள் தேட வேண்டாம். சிக்கலை நேருக்கு நேர் துணிந்து கையாளுவது இந்தத் தொடர். குண்டுத் தொடரில் துணிச்சலைவிடச் சகிப்பு அதிகம். கம்பெனிக்கு வர வேண்டிய பாக்கியை நேரில் போய்க் கேட்டால் காளை, நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு கணக்கை முடித்தால் குண்டு.

அம்பத்தூர் வாசகர்: வேலைக்கு அனுபவம் கேட்கிறார்கள், அனுபவத்துக்கோ வேலை வேண்டும். இதை ‘பிட்வீன் எ ராக் அண்ட் எ ஹார்ட் பிளேஸ்’ எனலாமா?

பதில்: கூடாது. அது இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை: இரண்டு வழி இருக்கும், இரண்டும் சுடும். உங்கள் நிலையில் ஒரு வழியே இன்னொன்றை அடைக்கிறது. அதற்கு ‘கேட்ச் 22’, 1961இல் வந்த ஒரு நாவலின் தலைப்பிலிருந்து பிறந்த தொடர். ‘இட்ஸ் எ கேட்ச் 22’ என்று சொல்லுங்கள்.

தாம்பரம் மாணவி: ‘ஐ ஹேட் எ ஹார்ட் டைம் டு ஃபைண்ட் தி ஆபீஸ்’ என்பதை ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தியிருக்கிறார். ஏன்?

பதில்: ‘ஹார்ட் டைம் ஃபைண்டிங்’ என்றுதான் வர வேண்டும். ‘கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டேன்’ என்று மனசுக்குள் ஓடும்போது, அந்த ‘க்க’ உங்களை ‘டு’ போட வைக்கிறது. ‘ஹேட் டிஃபிகல்ட்டி’க்குப் பின்னும் இதே ‘இங்’தான். ‘இட் வாஸ் ஹார்ட்’ என்று தொடங்கினால் மட்டும் ‘டு ஃபைண்ட்’ சரி. இன்னொன்று: கடுமையாக உழைத்தேன் என்பதற்கு ‘ஐ ஒர்க்ட் ஹார்ட்’. கூடவே ஒரு ‘லி’ ஒட்டிக்கொண்டு ‘ஹார்ட்லி’ ஆனால், வேலையே செய்யவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும். வேலைக்கான விண்ணப்பக் கடிதத்தில் இதை இரண்டு முறை சரிபாருங்கள்.

கோடம்பாக்கம் வாசகர்: ‘வென் தி கோயிங் கெட்ஸ் டஃப், தி டஃப் கெட் கோயிங்’ என்றால், கஷ்டம் வந்ததும் கெட்டிக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள் என்றுதானே?

பதில்: இல்லை. இங்கே ‘கெட் கோயிங்’ என்பது முனைந்து காரியத்தில் இறங்குவது. ‘தி டஃப்’ என்பது உறுதியானவர்கள் என்ற பன்மை, அதனால்தான் ‘கெட்ஸ்’ இல்லாமல் ‘கெட்’. போட்டித் தேர்வில் ‘கிளம்பிவிடுவார்கள்’ என்ற விடையைக் கொடுத்து ஆழம் பார்ப்பார்கள், கவனம்.