கையுறையும் வெற்றுத்தாளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினேழாம் நூற்றாண்டு ஹாலந்து அறிஞர்களின் செப்புத்தகட்டு அச்சுப் படங்களைப் பார்த்தேன். எல்லோருக்கும் கறுப்பு உடை, வெள்ளைக் கழுத்துப்பட்டை. அவ்வளவு எளிமையா? அந்தஸ்து எங்கே தெரிகிறது?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கறுப்பை எளிமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நல்ல கறுப்புக்குத் துணியைப் பலமுறை சாயத்தில் முக்க வேண்டும், விலையும் கூடும். மலிவுக் கறுப்பு சீக்கிரம் பழுப்பேறிவிடும். ஆனால் வணிகர், நகர நிர்வாகி, போதகர் எல்லோருமே கறுப்புதான் உடுத்தினார்கள். உடையை வைத்து ஆளை எடைபோடுவது கஷ்டம். நான் கைகளைப் பார்ப்பேன்.

பெட்ருஸ் ஸ்க்ரிவேரியுஸ் படத்தைத் தேடிப் பாருங்கள். லைடனில் வாழ்ந்த வரலாற்றறிஞர். பல்கலைக்கழகப் பதவி கிடையாது, சொந்தச் சொத்து இருந்தது. 1626-இல் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அவரை 22 செ.மீ. உயரமே உள்ள பலகையில் வரைந்தார். அதே ஆண்டு யான் வான் டி வெல்டே அதைச் செம்பில் செதுக்கினார். ஓவியம் இத்தனை சின்னதாக இருப்பதற்கே, அந்த அச்சுத் தகட்டுக்கு மாதிரியாக வரைந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஹால்ஸ் முட்டை வடிவில் ஒரு சட்டம் வரைந்து, அதைத் தாண்டி ஸ்க்ரிவேரியுஸின் கையை நம் பக்கம் நீட்டியிருக்கிறார். பேனாவோ புத்தகமோ இருக்கும் என்றுதானே எதிர்பார்ப்போம்? கையில் இருப்பது கையுறை, கனவான்களின் பொருள். வாழ்நாள் முழுக்க நூல்களோடு கிடந்த மனிதர், படிப்பு தன் பிழைப்பு அல்ல என்று அந்தக் கையால் சொல்லிவிடுகிறார். எத்தனை முறை பார்த்தாலும் என் கண் அங்கேதான் போய் நிற்கும்.

சரி, எழுத்தே பிழைப்பானவர்? லீவன் வான் கோப்பெனோல் ஆம்ஸ்டர்டாமில் பள்ளி ஆசிரியர், அழகெழுத்துக்குப் பேர்போனவர். ரெம்பிராண்ட் 1658 வாக்கில் அவரை இரண்டு தகடுகளில் போட்டார். இவை உளியால் செதுக்கியவை அல்ல, பெரும்பாலும் அமிலத்தால் அரித்தெடுத்தவை. பெரிய தகடு சுமார் 34 செ.மீ. உயரம். பணக்கார யான் சிக்ஸுக்கு 1647-இல் போட்டதே சுமார் 24 செ.மீ.தான்! அந்தப் பெரிய தகட்டில் கோப்பெனோல் கையில் இருப்பது கையுறை அல்ல, ஒரு வெற்றுத்தாள், அவர் தொழிலின் பொருள்.

அறிஞர் படங்களுக்குக் கீழே புகழ்க் கவிதை ஒன்று பொறிப்பது வழக்கம், பெரும்பாலும் லத்தீனில். கோப்பெனோல் கவிஞர்களிடம் தானே போய்க் கேட்டு வாங்கினார். அப்புறம் சில பிரதிகளில் அந்த வரிகளைத் தன் கையாலேயே எழுதினார். அப்படி ஒரு பிரதியைப் பார்க்கக் கிடைத்தால், முகத்தைவிட அந்த எழுத்தின் முன்தான் அதிக நேரம் நிற்பேன்.

அன்புடன்.