டெய்லி சீரியல் கம்பெனி வெப் சீரிஸ் எடுக்கும்போது பணம் எங்கே மாட்டும்?

கேள்வி: வளசரவாக்கத்தில் சிறிய தயாரிப்பு நிறுவனம் நடத்துகிறோம். ஒரு சேனலுக்கு டெய்லி சீரியல் தருகிறோம். ஓடிடி தளம் ஒன்று 8 எபிசோட் வெப் சீரிஸ் கேட்கிறது. எங்கள் சீரியல் யூனிட்டையே வைத்து எடுக்கலாமா? பட்ஜெட்டிலும் ஒப்பந்தத்திலும் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் யூனிட்டையே வைத்து எடுக்கலாம். கூடவே மூன்று பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும்: ஸ்பாட்டில் டேட்டாவைப் பார்த்துக்கொள்ள ஒரு டி.ஐ.டி., ஸ்பாட் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட், எடிட் முதல் டெலிவரி வரை பார்த்துக்கொள்ள ஒரு போஸ்ட் சூப்பர்வைசர். இந்த மூன்று சம்பளத்தில் மிச்சம் பிடித்த கம்பெனிக்குத்தான் பெரும்பாலும் கடைசித் தவணை மாட்டிக்கொள்கிறது.

காரணம், பணம் வரும் வழியே வேறு. சேனலில் எபிசோட் ஒளிபரப்பானால் அந்த மாத பில் நகர்ந்துவிடும். ஓடிடியில் தவணை. உதாரணமாக கையெழுத்தில் 10%, ப்ரீ ப்ரொடக்‌ஷனில் 20%, ஷூட்டிங்கில் 40%, எடிட் லாக்கில் (எடிட் இறுதியானதும்) 15%, டெலிவரி கியூ.சி. (தளத்தின் தரச் சோதனை) தேறிய பிறகு 15% என்று பிரிப்பார்கள். 4 கோடி பட்ஜெட்டில் அந்தக் கடைசி 15% என்பது 60 லட்சம். ஏறக்குறைய உங்கள் லாபம் முழுவதும் அதில்தான் இருக்கும். கியூ.சி. இரண்டு மாதம் இழுத்தால் ஃபைனான்ஸ் வட்டி அதைத் தின்னத் தொடங்கிவிடும். இன்வாய்ஸ் போட்டுவிட்டால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் 18% ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். ஆகவே அந்தக் கட்டம் முடிந்ததென்று தளத்தின் ஒப்புதல் எழுத்தில் வந்த பிறகே இன்வாய்ஸ் என்று ஒப்பந்தத்திலேயே வையுங்கள்.

அதனால் பட்ஜெட்டை டெலிவரியிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தளத்தின் டெலிவரி ஸ்பெக்கை (படமும் ஒலியும் எந்த வடிவில், எந்த அளவில் தர வேண்டும் என்ற பட்டியலை) முதலிலேயே கேட்டு வாங்கி, ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு தளத்துக்கும் அது வேறுபடும்.

நாள் கணக்கு. சீரியலில் ஒரு நாளைக்கு ஒரு எபிசோட், சுமார் 22 நிமிடம் எடுத்துப் பழகியிருப்பீர்கள். இங்கே நாளைக்கு 5 நிமிடம் கிடைத்தாலே நல்ல வேகம். 35 நிமிடத்தில் 8 எபிசோட் என்றால் 280 நிமிடம், 56 நாள். மழை, நடிகர் கால்ஷீட், பேட்ச் வொர்க் (விடுபட்ட ஷாட்கள்) எல்லாம் சேர்த்து 60 நாளாக வையுங்கள். 35 நாளில் முடித்துவிடலாம் என்று உங்கள் மேனேஜர் சொன்னால் அது சீரியல் கணக்கு. நீளமாக எடுப்பதுதான் உங்கள் பலம் என்றால் அதற்கும் இடம் இருக்கிறது: 2024இல் ஹாட்ஸ்டாரில் வந்த 'ஹார்ட் பீட்' 100 எபிசோட் ஓடியது. அப்படியொரு வடிவத்தையும் தளத்திடம் பேசிப் பார்ப்பதில் தவறில்லை.

கேமரா. நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் எந்தெந்தக் கேமரா செல்லும் என்று பட்டியலே வைத்திருக்கின்றன. அலெக்ஸா மினி சினிமாவில் பெயர் வாங்கிய கேமராதான், ஆனால் அதன் சென்சார் 4கே-க்குக் குறைவான 3.4கே என்பதால் அந்தப் பட்டியலில் இல்லை. அதைவிட வாடகை குறைந்த சோனி எஃப்.எக்ஸ்.6 பட்டியலில் இருக்கிறது. பிரேம் ரேட்டை (விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதை) முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்யுங்கள். சீரியலில் 25இல் எடுத்திருப்பீர்கள். தளம் 24 கேட்டால் ஷட்டரை 172.8 டிகிரியில் வையுங்கள். அப்போது ஒவ்வொரு பிரேமும் 1/50 விநாடி பதிவாகும்; நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு பொருந்தும். வழக்கமான 180 டிகிரியிலேயே விட்டால் ட்யூப்லைட் இருக்கும் ஹால் காட்சிகளில் வெளிச்சம் துடிக்கும், கிரேடிங்கில் (நிறச் சீரமைப்பில்) அதைச் சரிசெய்வது பெரிய பாடு. ட்ரோன்காரர் தன் பழக்கத்துக்கு 30இல் எடுத்துவந்தால் அந்த ஷாட் எல்லாம் தடுக்கித் தடுக்கி நகரும். அவருக்கு இதை வாயால் சொன்னால் போதாது, அன்றைய வேலைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

டேட்டா. சோனியின் எக்ஸ்.ஏ.வி.சி.-ஐ என்ற பதிவு வடிவத்தில், 4கே, 25 பிரேமில் விநாடிக்கு 250 மெகாபிட், அதாவது மணிக்கு சுமார் 112 ஜிபி. இரண்டு கேமராவும் சேர்ந்து நாளைக்கு 4 மணி நேரம் ஓடினால் 450 ஜிபி; 60 நாளில் 27 டிபி. மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். எல்.டி.ஓ.-8 என்ற பேக்கப் டேப் ஒன்றில் 12 டிபி பிடிக்கும், ஒரு பிரதிக்கு மூன்று டேப். செக்சம் (காப்பி மூலத்தோடு அப்படியே ஒத்திருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபார்த்து டி.ஐ.டி. கையெழுத்துப் போடும்வரை கார்டை ஃபார்மட் செய்யக் கூடாது. வெறும் இழுத்துப் போடும் காப்பியில் பாதி உடைந்த ஃபைலும் முழு ஃபைல் மாதிரியே தெரியும். எடிட்டில் அது தெரியவரும்போது செட்டைப் பிரித்திருப்பீர்கள்.

சவுண்டில்தான் சீரியல் கம்பெனிகள் அதிகம் அடிபடுகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாக. கதாநாயகி சமையலறையில் மிக்ஸியை ஓட்டிக்கொண்டே மாமியாரிடம் பேசுகிறாள் என்று வையுங்கள். மிக்ஸிச் சத்தமும் வசனமும் ஒரே மைக்கில் பதிவாகிவிட்டன. தளம் இதைத் தெலுங்கில் டப் செய்ய எம் அண்ட் ஈ ட்ராக் கேட்கும், அதாவது வசனம் நீங்கலாக இசையும் மற்ற ஒலிகளும் முழுமையாக உள்ள ட்ராக். நீங்கள் வசனத்தை எடுத்தால் மிக்ஸியும் கூடவே போய்விடும். தெலுங்கு ரசிகருக்கு மிக்ஸி சுற்றுவது தெரியும், சத்தம் கேட்காது. கியூ.சி.யில் அப்படியே திரும்பி வரும். மருந்து எளிது: வசனம் எடுக்கும்போது மிக்ஸியை ஓட்டாதீர்கள். ஷாட் முடிந்ததும் அதே இடத்தில், அதே மைக்கில் 30 விநாடி மிக்ஸியை மட்டும் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். கூடவே எல்லாரும் அமைதியாக நின்று அறையின் வெறும் ஒலியும் 30 விநாடி. நடை, கொலுசு, பாத்திரம், புடவை உரசல் இவற்றுக்கு ஃபோலி கலைஞரை (ஸ்டுடியோவில் இந்த ஒலிகளை உருவாக்குபவரை) எபிசோடுக்கு இரண்டு நாளாவது பட்ஜெட்டில் எழுதுங்கள்.

மிக்ஸிங்கிலும் அடி விழும். நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை மட்டும் அளந்து −27 எல்.கே.எஃப்.எஸ். (சத்த அளவின் அலகு; 2 கூடலாம், 2 குறையலாம்), உச்சம் −2 டெசிபல் ட்ரூ பீக் என்று கேட்கிறது. சீரியல் பழக்கத்தில் வசனத்துக்கு மேலேயே ஆர்.ஆர். (பின்னணி இசை) ஓடும். வசனத்தை அளவுக்குக் கொண்டுவந்தால் அந்த 'டொய்ங்' எல்லாம் உச்ச வரம்பைத் தாண்டும். மொத்தத்தையும் இறக்கினால் வசனம் அமுங்கும். மறுபடி மிக்ஸ் செய்வதைத் தவிர வழியில்லை.

பின்னணியில் ஓடும் டிவி, ஹம்மிங் செய்யும் சினிமாப் பாட்டு, சுவரில் கடைக் காலண்டர் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்பார்கள். ஆர்ட் டிபார்ட்மென்டிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

ஒப்பந்தம். உங்கள் எழுத்தாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். "கதை, வசனம், எபிசோட் 1 முதல் 8" என்ற வவுச்சர் போதாது. காப்பிரைட் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம்தான், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும்தான். தளமோ உலகம் முழுவதற்கும், நிரந்தரமாகவும் கேட்கும். கையில் இல்லாததை எழுதிக் கொடுத்துவிட்டு நஷ்ட ஈட்டுப் பொறுப்பையும் நீங்களே ஏற்கும் நிலை வரும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, எழுத்தாளருக்கும் இசையமைப்பாளருக்கும் தியேட்டருக்கு வெளியிலான பயன்பாட்டில் வரவேண்டிய ராயல்டியை அவர்களே விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. அதை மதித்தே எழுதுங்கள், அது அவர்களுடைய பணம்.

தளம் முழுச் செலவும் தந்து எடுக்கச் சொன்னால் உரிமை முழுவதும் அவர்களுக்கே போகும். முதல் சீரிஸுக்கு அதை ஏற்கலாம் என்பதே எங்கள் கருத்து. பதிலுக்கு மூன்றை வற்புறுத்துங்கள். இரண்டாம் சீசன் வந்தால் தயாரிக்கும் முதல் வாய்ப்பு உங்களுக்கு. ஸ்கிரிப்ட் லாக் ஆன பிறகு அவர்கள் கேட்கும் மாற்றத்தின் செலவு அவர்களுக்கு. டெலிவரி செய்து 15 வேலை நாளுக்குள் குறை சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும் என்ற வரி. மூன்றாவதை அவர்கள் எளிதில் தரமாட்டார்கள். 15 நாளை 20 ஆக்கிக்கொள்ளுங்கள், வரியை மட்டும் விடாதீர்கள்.

கையெழுத்தானதும், முதல் ஷெட்யூலுக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, ஒரு ஹாலில் இரண்டு நடிகர்களை வைத்து 2 நிமிடக் காட்சி எடுங்கள். அதை எடிட், கிரேடிங், 5.1 மிக்ஸ், எம் அண்ட் ஈ, சப்டைட்டில் வரை முடித்துத் தளத்தின் டெக்னிக்கல் டீமுக்கு அனுப்புங்கள். அங்கிருந்து வரும் குறைப் பட்டியலைக் கேமராமேனுக்கும் சவுண்ட்காரருக்கும் எடிட்டருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு ஷூட்டிங்குக்குப் போங்கள்.